ஆல்கஹால் வாஷ் போட்டதும் மாடல் ரயில் வேகன் வெளுத்துவிட்டது, காப்பாற்ற முடியுமா?

பெரம்பூர்வாசி:
என்னிடம் ஹெச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஐந்து பாக்ஸ்என் மாடல் வேகன்கள், அதாவது மேல் திறந்த சரக்கு வேகன்கள், இருக்கின்றன. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் ரேக் (வேகன் வரிசை) மாதிரி அழுக்கேற்ற ஆசை. பளபளப்பு போகட்டும் என்று முதலில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்து ஒரு நாள் காயவிட்டேன். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் சில சொட்டு கறுப்பு இங்க் கலந்து, அந்த நீர்த்த கலவையை (வாஷ்) இரண்டு வேகனுக்குப் பூசினேன். காயக் காய இரண்டும் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டன. நிலக்கரி வண்டி சுண்ணாம்பு வண்டி ஆகிவிட்டது! பெயின்ட்டைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டுமா?

தண்டவாளம்72:
மழை நாளில் அடித்தீர்களா? காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் ஸ்ப்ரே வார்னிஷ் பால்போல் வெளுக்கும். எனக்கு ஒரு பயணிகள் பெட்டியே அப்படிப் போனது.

பெரம்பூர்வாசி:
இல்லை சார், நல்ல வெயிலில் மொட்டை மாடியில் அடித்தேன். காய்ந்தபோது சரியாகத்தான் இருந்தது. வாஷ் படாத அடிச்சட்டம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

கூட்ஸ்கார்டு:
அப்போ ஆல்கஹால்தான் காரணம். சில மேட் வார்னிஷ்கள் மேல் அது பட்டால் இப்படித்தான் வெளுக்கும். வெயிலில் நரைத்த மரப்பலகை போல் காட்ட இதை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் அதே வார்னிஷை மெல்லிசாக இன்னொரு கோட் அடியுங்கள், வெளுப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். அதன்மேல் திரும்பவும் ஆல்கஹால் போட்டால் பழைய கதைதான்.

மீதி மூன்றுக்குத் தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பெயின்ட் போதும். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் திட்டுத்திட்டாக நிற்காது. வார்னிஷே இல்லாமல் ஆல்கஹால் பூசலாமே என்று நினைக்க வேண்டாம், சில பெயின்ட் கரைந்தே போகும்.

இன்னொன்று, கறுப்பு மட்டும் அடித்தால் அடுப்புக்கரி பூசியது போலத்தான் இருக்கும். வேகனின் உள்பக்கம் சரக்கு உரசி உரசித் துருவேறியிருக்கும். டிப்ளரில் (வேகனையே கவிழ்த்துச் சரக்கைக் கொட்டும் இயந்திரம்) கவிழ்க்கும்போது பிடிக்கிற மேல்விளிம்பில் பெயின்ட் போயிருக்கும். போகியில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) படிவது பிரேக் தூசி, அது பழுப்பு. பக்கவாட்டில் பிரஷை மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள், மழைத்தண்ணீர் அப்படித்தான் வழியும். ஐந்தையும் ஒரே மாதிரி செய்துவிடாதீர்கள். போன வாரம் பிஓஹெச் (பணிமனையில் குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு) முடித்து வந்த வேகன் ஒன்று ரேக்கில் இருக்கட்டுமே.

தண்டவாளம்72:
சக்கரத்தின் முகத்துக்கு மட்டும் துரு நிறம் கொடுங்கள். தண்டவாளத்தில் உருளும் பகுதியில் பெயின்ட் பட்டால் அது தண்டவாளத்தில் ஒட்டி மின்சாரம் தடைபட்டு, லோகோ (இன்ஜின்) திக்கித் திக்கி ஓடும். அழுக்கு, துரு காட்ட நிறப் பவுடர் போடுவதாக இருந்தால் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள், மேலே வார்னிஷ் அடித்ததும் பாதி காணாமல் போய்விடும்.

பெரம்பூர்வாசி:
நேற்று இன்னொரு கோட் அடித்தேன். ஒன்று முழுதாகத் தேறிவிட்டது. மற்றதில் மூலைகளில் மட்டும் லேசான வெளுப்பு பாக்கி. பார்த்தால் வெயிலில் நிறம் போன பெயின்ட் மாதிரியே இருக்கிறது, அதனால் அதைத் தொடவில்லை. நன்றி சார், இருவருக்கும்.