கோயில் சிற்பங்களைப் படமெடுத்தால் தட்டையாக விழுகின்றன: என்ன செய்யலாம்?

அரசலாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு ஒளிப்படக் கலையைப் பொழுதுபோக்காகப் பழகி வருகிறேன். வசிப்பது கும்பகோணம் என்பதால், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் புறச்சுவர்ச் சிற்பங்களே எனக்குப் பயிற்சிக்களம். கைவசம் இருப்பவை, உறவினர் ஒருவர் பயன்படுத்திய பழைய டிஎஸ்எல்ஆர், அதனுடன் வந்த 18–55 மி.மீ. கிட் லென்ஸ், ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆகியவை மட்டுமே.

நேரில் பார்க்கும்போது கன்னத்தின் வளைவும், இடுப்பில் விழும் ஆடை மடிப்பும் அவ்வளவு தெளிவாக இருக்கின்றன; படத்திலோ எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பலகையில் கோடு கிழித்ததைப் போல் ஆகிவிடுகின்றன. கல் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தால் நிறமும் வெளிறிப்போகிறது. அடுத்து நல்ல லென்ஸ் வாங்குவதா, ஃபிளாஷ் வாங்குவதா, அல்லது முறையை மாற்றிக்கொள்வதா என்று தெரியவில்லை. எடுத்த படங்களை நாலு பேருக்குப் பயன்படும்படி எங்கே, எவ்வாறு பகிர்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்ணாறு (பதில்)

ஐயா, இப்போதைக்குப் பணம் எதையும் செலவிடாதீர்கள். புடைப்புச் சிற்பத்தின் உருட்சியைக் காட்டுவது நிழல்தான். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் நேராகச் சுவரில் அடித்தால் நிழல் முழுவதும் உருவத்தின் பின்னே ஒளிந்துகொள்ளும். அப்போது எத்தனை விலையுயர்ந்த லென்ஸை வைத்து எடுத்தாலும் தட்டையாகவே வரும். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான சோழர் கோயில்கள் கிழக்கு நோக்கியவை; கருவறையின் புறச்சுவரில் தெற்குக் கோட்டத்தில் (சுவரில் உள்ள மாடத்தில்) தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும் என்பது பெரும்பாலும் மாறாத வரிசை. ஆகவே, எந்த உருவத்திற்கு எந்த மாதத்தில் எந்த வேளையில் பக்கவொளி கிடைக்கும் என்பதை வீட்டிலிருந்தபடியே கணக்கிட்டுவிடலாம்.

மார்கழியில், தஞ்சைப் பகுதியில், சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. அப்போது காலை எட்டு மணியளவில் தெற்குச் சுவரின் முன் நின்று பார்த்தால், வெயில் உங்கள் வலப்புறத்திலிருந்து சுவரை ஒட்டினாற்போல் சாய்ந்து வந்து, தட்சிணாமூர்த்தியின் சடையையும், மடித்து வைத்த காலையும், அடியில் கிடக்கும் முயலகனையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். மாலையில் அதே ஒளி இடப்புறத்திலிருந்து வரும். அப்போது முகபாவமே வேறாகத் தோன்றும். வடக்குச் சுவருக்கு இதற்கு நேர்மாறு: புரட்டாசி முதல் வாரம் கழிந்தால் பங்குனி முதல் வாரம் வரை அதன்மேல் நேரடி வெயில் படுவதே இல்லை. துர்க்கையைப் பக்கவொளியில் எடுக்க வேண்டுமென்றால் ஆனி மாதத்துக் காலைப்பொழுதுதான் வாய்ப்பானது.

ஒன்றை மட்டும் நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். மதிலும் சுற்றுமாளிகையும் தாழ்ந்த வெயிலைச் சிறிது நேரம் மறைக்கும்; அதைத் தாண்டி வெயில் மேலேறியதும் கபோதத்தின் (சுவரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல் இறவாரத்தின்) நிழல் கோட்டத்தின் தலைப்பகுதியில் விழத் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்களுடையது, அது கோயிலுக்குக் கோயில் மாறும். ஒரு சிறு குறிப்பேட்டில் சுவர், மாதம், மணி ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள்.

மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத் தொகுதிக்கும் இதே கணக்குதான். அது கிழக்கு நோக்கியது என்பதால், எல்லோரும் ஆசைப்பட்டு ஓடும் அதிகாலை வேளையில் வெயில் முகத்துக்கு நேராக அடித்து அதைத் தட்டையாக்கிவிடுகிறது. வெயில் மேலேறிய பிறகு முற்பகலில் போனால்தான் யானைகளின் உடற்பருமன் படத்தில் தெரியும். அதிகாலைப் பொன்வெயிலில்தான் எதையும் எடுக்க வேண்டும் என்ற அறிவுரை கடற்கரைக் காட்சிக்குப் பொருந்தலாம், எல்லாக் கற்சுவருக்கும் பொருந்திவிடாது.

குடமுருட்டி (பதில்)

வெண்ணாறு சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் துர்க்கைக்காக ஆனி வரை காத்திருக்க எல்லோராலும் இயலாது. நிழலில் உள்ள சுவரையும் நன்றாக எடுக்கலாம். வெயில் படாத வேளையில் வானத்தின் வெளிச்சம் ஒரே சீராக விழும். அப்போது தோழர் ஒருவரை வெயிலில் நிற்கவைத்து, ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னால், எதிரொளி பக்கவாட்டில் வந்து உருவத்தின் ஒரு பாதியை மட்டும் சற்றே தூக்கிக் காட்டும். எழுதுபொருள் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த அட்டை செய்கிற வேலையைக் கேமராவின் தலையில் பொருத்திய ஃபிளாஷ் செய்யாது. ஃபிளாஷ் லென்ஸின் திசையிலிருந்தே ஒளியைப் பாய்ச்சுவதால் நிழல் அழிவதோடு, எண்ணெய் பூசிய கல்லில் வெள்ளைத் திட்டுகளும் விழும். அட்டை பிடிப்பதாக இருந்தாலும் அங்குள்ள பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கறுத்த கல் வெளிறிப்போவதற்குக் காரணம் கேமராவின் ஒளியளவுமானி. தன் முன் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க அது முயல்கிறது. கருங்கல் சட்டகம் முழுவதும் நிறைந்திருந்தால் இருட்டு என்று எண்ணிக் கூடுதல் ஒளியைச் சேர்த்துவிடும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானில் ‑0.7 அல்லது ‑1 என்று வைத்து எடுத்துப் பாருங்கள். கல் கல்லாகவே வரும். ரா கோப்பாகவும் (கேமரா திருத்தாத மூலப் பதிவாகவும்) சேமித்துக்கொண்டால் பின்னர் நிழலையும் வெளிச்சத்தையும் நிதானமாகச் சரிசெய்யலாம்.

உங்கள் கிட் லென்ஸ் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். 18 மி.மீ.யில் நெருங்கி நின்று எடுப்பதைத் தவிர்த்து, சில அடிகள் பின்வாங்கி 40–55 மி.மீ.க்குள் வைத்து, அபெர்ச்சரை (லென்ஸின் துளையளவை) எஃப் 8 அளவில் நிறுத்துங்கள். அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் கால் பருத்துத் தலை சிறுத்துப்போகும். கைப்பேசியிலும் இதே சிக்கல்தான். முதன்மை லென்ஸ் அகலக்கோணமுடையது என்பதால் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கைப்பேசியின் எச்டிஆர் வசதி நிழல்களைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடுகிறது. நாம் தேடிப்போனதே நிழலைத்தான் என்பதால், அதை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் திரையில் சிற்பத்தைத் தொட்டு வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

தாராசுரத்தில் அடிப்பகுதியில் வரிசையாக உள்ள நாயன்மார் கதைச் சிற்பங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவை மிகச் சிறியவை. நின்றபடி குனிந்து எடுத்த படங்களே இணையத்தில் நிறைய உள்ளன, அவற்றில் உருவங்கள் குறுகித் தெரிகின்றன. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, லென்ஸ் சிற்பத்தின் நடு உயரத்தில் வரும்படியும், கேமராவின் பின்பக்கம் சுவருக்கு இணையாக இருக்கும்படியும் பிடித்தால்தான் கதை முழுமையாகப் பதியும். டிரைபாட் இருந்தால் எளிது. ஆனால் தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் அதற்கு முன்னனுமதி வேண்டும். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, ஷட்டர் வேகம் 1/60க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, தேவைக்கேற்ப ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) 800 வரை உயர்த்தலாம்.

கொள்ளிடம் (பதில்)

பகிர்வது பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். பாராட்டும் உடனடி மறுமொழியும் வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம் போதும். ஆனால் அங்கே படத்தின் அளவு சுருக்கப்படுவதால், நீங்கள் பாடுபட்டு எடுத்த உளித்தடங்கள் காணாமற்போகும். பயன்பாடு முக்கியம் என்று நீங்களே சொல்லியிருப்பதால், யாவரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தையே பரிந்துரைப்பேன். முழு அளவுக் கோப்பை அங்கே ஏற்றலாம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் அதை நேரடியாகச் சேர்க்கவும் முடியும். படத்தின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதை வெளியிடுகிறீர்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையுள்ள உரிமத்தை அங்கே ஏற்பதில்லை. இதற்கு மனம் ஒப்பாவிட்டால் ஏற்றாதீர்கள், ஏற்றிய பிறகு வருந்துவதில் பயனில்லை.

படத்தைவிடக் குறிப்பு முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ‘அழகிய சிற்பம், தாராசுரம்’ என்று எழுதினால் ஆய்வாளருக்கும் பயனில்லை, ஊர்க்காரருக்கும் பயனில்லை. ‘ஐராவதேசுவரர் கோயில், தாராசுரம், கருவறை, தெற்குப் புறச்சுவர், நடுக்கோட்டம், தட்சிணாமூர்த்தி, எடுத்த நாள்’ என்று எழுதுங்கள். உருவம் இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை ஊகித்து எழுதாமல், சுவரையும் இடத்தையும் மட்டும் எழுதினால் தெரிந்தவர் வந்து நிரப்புவார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில், சிற்பப் படங்கள் இன்றும் ஆய்வுக்கு உதவுவதற்குக் காரணம், எந்தப் படம் எங்கே எடுத்தது என்ற விவரம் அவற்றுடன் இருப்பதுதான். அதற்கும் முன்பே, 1858இல், லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து ஒரே நீள்படமாக்கினார். நாயன்மார் வரிசையை அப்படித் தொடராக எடுக்க உங்கள் ஊரில் உங்களைவிட வசதியானவர் யார்?

எடுக்கக்கூடாத இடங்களையும் மனத்தில் வையுங்கள். கருவறைக்குள் படமெடுப்பது முறையன்று. தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதால், புதிதாக ஒரு கோயிலுக்குச் செல்லும்போது வாயிலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அரசலாறு

மூவருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்; தெர்மகோல் அட்டை பிடிக்கப் பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறான். இன்னும் ஓர் ஐயம்: பொதுவகத்தில் ஏற்றும்போது படத்தின் மூலையில் என் பெயரைப் பொறிக்கலாமா?

கொள்ளிடம்

வேண்டாம் ஐயா. படத்தின்மேல் பெயர் பொறிப்பதைப் பொதுவகம் ஊக்குவிப்பதில்லை. அப்படிப்பட்ட படத்தைக் கட்டுரையில் சேர்க்கவும் தயங்குவார்கள். உங்கள் பெயர் கோப்பின் விவரப் பக்கத்தில் ஆக்கியவர் என்ற இடத்தில் இருக்கும். உரிமத்தின்படி, பயன்படுத்துபவர் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். கேமராவின் அமைப்புகளிலும் ஆக்கியவர் பெயரைப் பதியும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒருமுறை எழுதிவிட்டாலே ஒவ்வொரு கோப்பின் உள்விவரத்திலும் அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.