வெண்ணெய்த்தாழிக்கு வருகிறோம், ஒரு உதவி வேண்டும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி பங்குனித் திருவிழாவில், சாமி மேல் வெண்ணெய் எறியும் வெண்ணெய்த்தாழிக்கு யார் யார் வருகிறீர்கள் என்று செயலாளர் தம்பி கேட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து நானும் மேலத்தெருக் கூட்டாளியும் வரலாம் என்று இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் டயாலிசிஸ் நடப்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

1979இல் நாகப்பட்டினத்தில் சிதம்பரம் கப்பல் ஏறி ஒன்றாக வந்தவர்கள் நாங்கள். 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் ஓட்டம் நின்றது. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது. செம்பவாங்கில் வேலை, ஒரே அறை, பிறகு ஆளுக்கொரு குடும்பம். அது உங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள கதைதான்.

அவர் சம்சாரம் 2014இல் தவறியபோது நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மண்டாய் சுடுகாடு வரை போனேன், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தேன், அப்புறம் வேலை வேலை என்று ஓடிவிட்டேன். 2020 மே மாதம் என் வீட்டுக்காரி போனாள். கொரோனா கட்டுப்பாடு, துக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளோடு கணக்கு முடிந்துவிட்டது. இவர் டயாலிசிஸ் முடித்துக் கையில் பிளாஸ்திரியோடு வந்து, எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாராம். வண்டி கிளம்பும்போது எழுந்து நின்று கும்பிட்டதை மட்டும்தான் நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். "சாப்பிட்டியா?" "ம்." "என்ன சாப்பிட்டே?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் நான் சமைக்கவே பழகினேன்.

2022இல் எனக்கும் சிறுநீரகம் கைவிட்டது. இருவருக்கும் பழைய சர்க்கரை செய்த வேலை. ஊசி போட வசதியாக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைப்பார்கள். எனக்கு அது முடிந்த மறுநாள் வந்தார். என் மணிக்கட்டைத் தூக்கித் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் நெல் மிஷின் ஓடுவதுபோல உள்ளே ஒரு இரைச்சல் கேட்கும். "ஓடுது மாப்ளே. இந்தக் கையில பிரஷர் பார்க்க விடாதே, பை தூக்காதே, தலைக்கு வச்சுப் படுக்காதே." நர்ஸ் அரை மணி நேரம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஏறியது.

இப்போது செவ்வாய், வியாழன், சனி, நான்கு நான்கு மணி நேரம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பேச்சு முழுக்கச் சாப்பாடுதான். எனக்குத் தண்ணீர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவு. தேக்காவில் வெயிலில் நடந்துவிட்டு அந்த அளவில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். காய்கறியை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொன்னதும் அவர்தான். ருசி போய்விடும், எங்களுக்கு ஆகாத பொட்டாசியமும் குறையும்.

ஊரில் இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: நாங்கள் வந்து இறங்கியதும் பாசத்தில் இளநீர் வெட்டிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், எங்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடும்.

சரி, உதவிக்கு வருகிறேன். பத்து நாள் தங்கினால் ஆளுக்கு நான்கு தடவை டயாலிசிஸ் வேண்டும். மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ இரண்டு இடம், முடிந்தால் ஒரே நேரத்தில். அங்கே இருக்கும் பிள்ளைகள் யாராவது நேரில் போய், இடம் எப்படி இருக்கிறது, மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, எடைக் கணக்கு எல்லாம் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறோம். செலவு எங்களுடையது.

ஒன்று மட்டும். பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழியன்று எங்கள் முறை வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் அவர் எறிந்த வெண்ணெய் ராஜகோபாலசாமி மேல் படாமல் குடை பிடித்தவர் மூக்கில் போய் ஒட்டியது. இந்தத் தடவை குறி தப்பாது என்கிறார். டாக்டர் வெண்ணெய் கூடாது என்றாரே என்று கேட்டேன்.

"தின்னத்தானேடா கூடாது?"