புதுப்பிப்பு: தேய்ந்த நடுகல்லில் இரண்டு வரி பிடிபட்டது

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வேலியோரம் நிற்கும் நடுகல்லில் (இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்) எழுத்து தேய்ந்திருக்கிறது, கல்லைத் தொடாமல் படிக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். எழுத்து எடுப்பாகத் தெரிய மாவு பூசச் சொன்ன யோசனையை விட்டுவிட்டோம். எழுத்துக் குழிக்குள் போன மாவு முழுசாக வெளியே வராது.

சரி, நடந்தது இதுதான். ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழும்படி சுற்றிலும் போட்டோ எடுத்து, போட்டோக்களிலிருந்து முப்பரிமாண மாடல் செய்யும் மெஷ்ரூம் மென்பொருளில் கொடுத்தோம். அது இலவசம், ஆனால் கம்ப்யூட்டரில் என்விடியா கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நுணுக்கமான மாடல் வராது. அண்ணன் மகன் கேம் ஆடும் கம்ப்யூட்டர் கைகொடுத்தது. அப்புறம் அந்த மாடலை மெஷ்லேப் என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளில் திறந்து நிறத்தை எடுத்துவிட்டேன். பாசி, எண்ணெய்க் கறை எல்லாம் போய் மேடு பள்ளம் மட்டும் நின்றது. திரையில் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்ததும், கல்லில் செதுக்கிய வீரன் தலைக்கு மேலே இரண்டு வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவம்!

பக்கத்தில் அளவுகோல் வைத்தே படமெடுங்கள். வெறும் போட்டோவிலிருந்து கல்லின் உண்மையான உயரம் மென்பொருளுக்குத் தெரியாது.

ஆர்டிஐ (Reflectance Transformation Imaging, ஒளித் திசையை மாற்றி மாற்றிப் படமெடுக்கும் முறை) பற்றிக் கேட்டவருக்கு: அதில் கேமரா அசையாது, விளக்கு மட்டும் நகரும். பளபளக்கும் குண்டு ஒன்று ஒளி வந்த திசையைக் காட்டிக்கொடுக்கும். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானையோட்டுக் கீறல் மாதிரி மெல்லிய எழுத்துக்கு அதுதான் என் தேர்வு. வெட்டவெளியில் ஆளுயரக் கல்லுக்கு அது பெரும்பாடு.

வாசகத்தை வட்டெழுத்து தெரிந்த ஐயா ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் வரியின் கடைசி எழுத்தில் இன்னும் வழக்கு தீரவில்லை.