மரங்கொத்தியின் ‘டிரம்மிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

ஆனைமலையில் பணிபுரியும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்காகப் பறவைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெண்வயிற்று மரங்கொத்தியில் வந்து நிற்கிறேன். சுமார் 48 செ.மீ. நீளம், கரிய உடல், சிவந்த கொண்டை; ஆணுக்குக் கன்னத்திலும் சிவப்பு. ஆளரவம் கேட்டால் அடிமரத்தின் மறுபக்கம் நழுவிவிடும். ஆகவே காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரைக்காகக் கொத்துவது வேறு, கூட்டுக்காகப் பொந்து குடைவது வேறு. எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் பட்டமரத்தில் அலகால் படபடவென அடிப்பதுதான் ‘டிரம்மிங்’. ‘கொத்துதல்’ என்று போட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரு சொல் தாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்

---

தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்கும்போதே “தெய்வம் உணாவே மாமரம் புட்பறை” என்கிறார். மரம், அடுத்துப் புள், அடுத்துப் பறை! ‘புட்பறை’ என்றே வையுங்கள்.

புலவர், காரைக்குடி

---

ஐயா, அங்கே புள்ளும் பறையும் தனித்தனிக் கருப்பொருள்கள், உம்மைத்தொகை. ‘புள்ளின் பறை’ என்று ஆறாம் வேற்றுமை கொள்ள இடமில்லை. போதாததற்குச் சங்கப் பாட்டில் ‘பறை’ என்றால் பறத்தலும் ஆகும், ‘மென்பறை’ நினைவிருக்கும். புட்பறை என்றால் பறவை பறப்பதாகவும் படிக்கலாம். காட்டில் நடப்பவருக்குச் சட்டென்று புரிய ‘கொட்டு’ போதும். மேளம் கொட்டுகிறோம், பறவையும் கொட்டுகிறது.

தமிழாசிரியை, கோவை

---

தேளும் கொட்டும். ‘கொத்து’, ‘கொட்டு’ இரண்டும் கடைசி இரண்டு எழுத்துகளில் மட்டுமே வேறுபடுபவை. அச்சுப்பிழை நேர்ந்தால் பொருளே மாறும். குறிஞ்சிக்குரிய தொண்டகப்பறையை வைத்துத் ‘தொண்டகம்’ எனலாமே?

பொறியாளர், சென்னை

---

இதே இனம் சாவகத்திலும் கொரியாவிலும் உண்டு; சப்பானின் சுஷிமா தீவில் மட்டும் 1920-ஐ ஒட்டி அற்றுப்போனது. திணைக்குள் அடங்கும் சொல் வேண்டாம், எல்லா மரங்கொத்திக்கும் பொருந்துவது வேண்டும். இன்னொன்று: உள்ளே உளுத்த, நின்றபடி காய்ந்த பெருமரத்தில் அடித்தால்தான் ஓசை தொலைவு போகும். அதே மரத்தில்தான் எறும்பும் வண்டுப்புழுவும் அதற்குக் கிடைக்கின்றன. பட்டமரத்தை விறகுக்கு வெட்டிவிட்டால் கொட்டவும் இடமில்லை, தின்னவும் வழியில்லை. சொல் எதுவானாலும் கையேட்டில் இது தடித்த எழுத்தில் வரட்டும். ஆனைமலைப் பழங்குடியினரான காடர்கள் இந்த ஓசையை என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

பறவை நோக்கர், பொள்ளாச்சி

---

அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அடுத்த பதிப்புக்குள் கேட்டுவிடுகிறேன். இப்போதைக்கு நான்கு பேர் ‘அலகுக்கொட்டு’க்கு ஒப்புகிறார்கள், அலகு முன்னே நிற்பதால் தேள் குழப்பமும் இல்லை. அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்

---

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் உம்மைத்தொகை என்பதாலேயே தள்ளியதை ஏற்க மாட்டேன். ‘உயிர்மெய்’ என்பதே உம்மைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகைதானே, உயிரும் மெய்யும் சேர்ந்து மூன்றாவது ஒன்றைக் குறிக்கவில்லையா? அதற்கு விடை வரும்வரை என் பட்டியலில் ‘புட்பறை’ இருக்கும்.

புலவர், காரைக்குடி