ஏழரை அடி ஒழுங்கைக்கு ஒரு எஸ்.யூ.வி: எடுத்த கதையும் ஓடிய கதையும்

கோண்டாவிலிலிருந்து

போன மாதம் ரொயோட்டா றைஸ் ஒன்று எடுத்தேன். ஒரு லீற்றர் டர்போ, பெற்றோல், நான்கு சில்லு இழுவை. எடுக்கும் யோசனையில் இருக்கும் நாலைந்து பேர் விவரம் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொழும்பில் ஓடுபவர்கள் சொல்லும் அனுபவம் யாழ்ப்பாணத்துக்குப் பாதிதான் பொருந்தும்.

வாகனம் பார்க்கப் போகுமுன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குப் போனேன். இரண்டு பக்கமும் மதில். மின்கம்பம் நிற்கும் வளைவில் ஏழரை அடிதான். அதைத் தாண்டி இடப்பக்கம் ஒடித்தால் எங்கள் படலை. இருந்த பழைய அல்டோ அதற்குள் சுகமாகப் போய்வரும். ஆனால் அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. முழங்கால் தேய்ந்த பிறகு அந்தப் பள்ளமான இருக்கையில் அவரை மெல்ல இறக்கி உட்கார வைத்து, வெளியே வரும்போது இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நாளில் ஊசியை விட, மருந்தை விட, காரில் ஏறி இறங்குவதுதான் அவருக்குப் பெரிய நோவு. ஆகவே இருக்கை உயரமாக வேண்டும், வாகனம் ஒடுக்கமாகவும் வேண்டும். முதல் தலைமுறை ஹொண்டா வெசல் நல்ல வாகனம், நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். ஆனால் அகலம் 1770 மில்லிமீற்றர், நீளம் 4295. றைஸ் 1695 அகலம், 3995 நீளம். மூன்று அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கடையில் நிற்கும்போது தோன்றும். எங்கள் மின்கம்பத்தடியில் நின்று பார்த்தால் தெரியும். திரும்பும் ஆரையும் 16 அங்குலச் சில்லு வகையில் 4.9 மீற்றர்தான். அதனால் 17 அங்குல அலங்காரச் சில்லு வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்துவிட்டேன்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருந்தன. இப்போது புதிதாக வருவதற்கு, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் சுங்கவரி, அதற்கு மேல் 18 சதவீத வற் எனும் பெறுமதி சேர் வரி. கூட்டிப் பார்த்தால் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிவிடுகிறது. றைஸின் எஞ்சின் 996 சி.சி. ஆயிரத்துக்குள் நிற்பதால் வரியில் கீழ்ப்படியில் இருக்கிறது. நம் நாட்டில் இது இவ்வளவு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியிருந்தும் ஒரு கோடி என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு காணித்துண்டின் காசு. நான் ஒரு வருடம் யோசித்தேன்.

முதலில் போன விற்பனை நிலையத்தில் மனம் கசந்தது. பெயர் வேண்டாம். வாகனம் பளபளவென்று நின்றது. ஜப்பானில் ஏலம் விடும்போது வாகனத்தின் நிலையைப் பதிந்து கொடுக்கும் ஏலத்தாளைக் காட்டுங்கள் என்றேன். "அண்ணை, இது சீரோ மைலேஜ், இதுக்கு என்னத்துக்குத் தாள்? இண்டைக்கு அட்வான்ஸ் போட்டாத்தான் இந்த விலை" என்றார் பெடியன். மீற்றரில் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் காட்டியது. அது தவறில்லை, மூன்று வயதுக்குட்பட்ட பாவித்த காரையும் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஓடிய காரை ஓடாத கார் என்று சொல்லி விற்பதுதான் தவறு. கதவு விளிம்பில் ரப்பரைச் சற்று விலக்கிப் பார்த்தேன், பெயின்ற் விளிம்பு கட்டியாகத் தெரிந்தது, மறுபடி பெயின்ற் அடித்த அடையாளம். எழும்பி வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் கேட்குமுன்பே ஏலத்தாள், ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழ் இரண்டையும் மேசையில் வைத்தார்கள். வாகனத்தின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சசி இலக்கத்தை நானே குனிந்து வாசித்துத் தாளோடு ஒப்பிட்டேன். அங்கேதான் எடுத்தேன். அவசரப்படுத்தும் ஆளிடம் ஒரு கோடி ரூபாய்ச் சாமான் வாங்காதீர்கள்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து வீடு கிட்டத்தட்ட நானூறு கிலோமீற்றர். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, மீரிகமையில் அதிவேக வீதி ஏறி குருநாகலில் இறங்கினேன். புது எஞ்சின் என்பதால் எண்பதைத் தாண்டவில்லை. முதல் கொஞ்ச நேரம் சத்தம் பழகவில்லை. மூன்று சிலிண்டர் எஞ்சின் எதுவும் நான்கைப் போல் வழுக்கிக்கொண்டு ஓடாது. சிக்னலில் நிற்கும்போது இருக்கைக்கு அடியில் ஒரு மெல்லிய துடிப்பு இருக்கும். வேகம் பிடித்த பிறகு அது காணாமல் போய்விடுகிறது. கியர் சி.வி.ரி., அதாவது படிப்படியாக மாறாத தானியங்கி வகை என்பதால் அழுத்தினால் முதலில் சத்தம் வரும், ஒரு மூச்சு விட்டு இழுவை வரும். அல்டோவில் இருந்து வந்த எனக்கு அந்த இழுவை பெரிய விஷயம். 140 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2400 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கிறது. வாகன எடையோ ஆயிரத்து ஐம்பது கிலோ அளவுதான். தம்புள்ளை தாண்டி ஏ9 வீதியில் கல் ஏற்றிய லொறியைக் கடக்கும்போது, முன்பென்றால் நெஞ்சு இடிக்கும். இப்போது எதிரே வெளியாக இருந்தால் நாலைந்து விநாடியில் கடந்து மறுபடி இடப்பக்கம் வந்துவிடலாம். கவனம், காருக்கு எல்லை 70தான். இந்த வாகனத்தில் எண்பது என்பது அறுபது போலத்தான் தோன்றும், மீற்றரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானொலியை முடுக்கினால் ஒன்றும் பிடிக்கவில்லை. ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்கி 95 வரைதான். நம் நிலையங்கள் பல அதற்கு மேலே. திரையும் ஜப்பானிய மொழியில் எதையோ சொல்லிக்கொண்டே வந்தது. அதைப் பிறகு மாற்றிக்கொண்டேன்.

முறிகண்டியில் நிறுத்தினேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து மெல்ல நகர்த்தி, ஒரு பை கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறும்போதுதான் இது என்னுடைய வாகனம் என்ற எண்ணம் முதல் தடவையாக வந்தது. ஆனையிறவில் பக்கக் காற்று அடித்துத் தள்ளியது. உயரமான வாகனம், எடை குறைவு. ஸ்ரேரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. கார் ஓடிப் பழகியவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஒழுங்கை வாசலில் தம்பி இறங்கி முன்னால் நடந்தான். கண்ணாடிகளை மடிக்கவே தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சாணுக்குக் குறைவாக மிச்சம். படலைக்கு ஒரே வெட்டில் திரும்பியது. அம்மா விறாந்தையிலிருந்து பொல்லோடு வந்தார். கதவைத் திறந்து, முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். நான் கை நீட்டினேன், பிடிக்கவில்லை. "கதிரையில இருக்கிற மாதிரிக் கிடக்கு தம்பி" என்றார். ஒரு வருட யோசனைக்கு அந்த ஒரு வரி போதும்.

பெற்றோல் கணக்கு: அந்தப் பயணத்தில் ராங்கியை நிரப்பி மறுபடி நிரப்பிப் பார்த்தபோது லீற்றருக்கு 17 கிலோமீற்றர் வந்தது. யாழ் நகருக்குள், ஏசி போட்டபடி, கஸ்தூரியார் வீதி நெரிசலில் 12, 13. ராங்கி 36 லீற்றர்தான். தூரப் பயணத்தில் வவுனியாவில் நிரப்பிவிடுங்கள். கார்த்திகை மழைக்கு 185 மில்லிமீற்றர் தரை இடைவெளி நல்ல ஆறுதல், ஆனால் தேங்கிய வெள்ளத்தின் ஆழம் தெரியாமல் இறக்காதீர்கள். இன்னொன்று, நம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் தண்ணீர் என்பதால், கழுவி வெயிலில் காயவிட்டால் பெயின்றில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நிழலில் கழுவி உடனே துணியால் ஒற்றி எடுக்கிறேன். றேடியேற்றருக்குள் அந்தத் தண்ணீரை விடவே கூடாது, கூலன்ற் மட்டும்தான். பனைக்குக் கீழே நிறுத்த வேண்டாம் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சாவகச்சேரியிலிருந்து

அண்ணை எழுதியது பெற்றோல் வகை. நான் எடுத்தது இதே றைஸின் ஹைபிரிட், 2021 நவம்பரில் ஜப்பானில் வந்த வகை. இரண்டும் வெளியே ஒன்று போல இருந்தாலும் ஓட்டம் வேறு. இதில் 1.2 லீற்றர் எஞ்சின் சில்லைச் சுற்றுவதே இல்லை. மின்சாரம் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. சில்லைச் சுற்றுவது 106 குதிரைவலு மோட்டார். அதனால் அழுத்திய கணமே இழுக்கும், காத்திருக்கத் தேவையில்லை. ஒரே மிதியில் ஓடும் வசதியும் உண்டு, காலை எடுத்தால் தானே வேகம் குறையும். முழுதாக நிறுத்த பிறேக்கைத்தான் மிதிக்க வேண்டும். முதல் வாரம் நான் இதை மறந்து, கொடிகாமச் சந்தைக்கு முன்னால் ஓட்டோ ஒன்றுக்கு ஒரு முழம் இடைவெளியில் போய் நின்றேன். அதன் பிறகு மனைவி முன் இருக்கையில் இருந்தால் அவர் கால்தான் முதலில் பிறேக்கைத் தேடும்.

எனக்கு நகர ஓட்டத்தில் 22க்குக் குறையாமல் வருகிறது. கூடுதலாகக் கொடுத்த காசு பெற்றோலில் திரும்பி வர எத்தனை வருடம் என்று பேப்பரில் போட்டுப் பாருங்கள். நான் தினமும் யாழ்ப்பாணம் போய்வருபவன், எனக்குச் சரி. கிழமைக்கு இரண்டு நாள் ஓடுபவருக்கு அண்ணை எடுத்ததே போதும்.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்கிறேன். றைஸைத் தயாரிப்பது டைஹற்சு. இந்த ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனை ஆவணங்களில் முறைகேடு நடந்ததாக 2023 மே மாதம் அவர்களே அறிவித்து விநியோகத்தை நிறுத்தி, பிறகு தொடங்கினார்கள். எடுக்க முன் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துத்தான் எடுத்தேன்.

நல்லூரிலிருந்து

பதினொரு வருடம் ஸ்கூட்டி ஓடிய பெண் நான். இதே பெற்றோல் றைஸ்தான் என் முதல் கார். உயரத்தில் இருந்து பார்ப்பதால் மதிலுக்கு அப்பால் வருபவர் தெரிகிறார். அது பெரிய தைரியம் தருகிறது. ஆனால் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூணைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதற்காகவே எழுதுகிறேன். இருபாலைச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினேன். வீதி வெறுமையாகத்தான் தெரிந்தது. திடீரென்று ஒரு ஐயா சைக்கிளில், கரியரில் கீரைக்கட்டோடு, பொனற்றுக்கு முன்னால். என் வேகமும் அவர் வேகமும் ஒன்றாக இருந்ததால் அவ்வளவு நேரமும் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே மறைந்து வந்திருக்கிறார். நிறுத்திவிட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, "பயப்பிடாதை பிள்ளை, ஒண்டும் இல்லை" என்றார். நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு சந்தியிலும் முதுகை எடுத்து முன்னால் சாய்ந்து, தூணுக்கு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். நம் ஊர் சைக்கிள் ஊர். புது ஆட்கள் தயவுசெய்து இதைப் பழகுங்கள்.

வல்லை வெளியில் காற்றுக்குத் தள்ளும் என்பதும் உண்மை. பருத்தித்துறை போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது நடக்கிறது.

வேலணையிலிருந்து

வாசிக்க வாசிக்க அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 ஞாபகம் வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் அதை மண்ணெண்ணெயில் ஓடினவர் அப்பா. பெற்றோல் ஒரு சொட்டு விட்டு முடுக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை நாறும், ஆனால் எங்கள் ஊரில் மூன்று தாய்மார் பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தக் காரில்தான். அவருக்கு இப்போது எண்பத்து மூன்று. கடைசியாக ஒரு புதுக் காரில் முன் இருக்கையில் இருத்திக் கொண்டுபோக ஆசை.

பண்ணைப் பாலத்தால் தினமும் வருபவர்கள் அடிப்பக்கத்தைக் கிழமைக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இரண்டு பக்கமும் கடல், காற்று முழுக்க உப்பு. என் வானின் சைலன்சர் மூன்று வருடத்தில் உதிர்ந்து போனது.

எங்கள் ஒழுங்கை ஆறடி ஒன்பது அங்குலம். நேற்றே நாடா போட்டுப் பார்த்துவிட்டேன். போகுமா அண்ணை?

கோண்டாவிலிலிருந்து

கண்ணாடிகளை மடித்தால் நேரே போகும். வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் ஒடிக்கும் அந்த மூலைதான் கேள்வி. அதை நாடா சொல்லாது. வீதி எவ்வளவு அகலம், மூலையில் மதில் செங்குத்தாக நிற்கிறதா வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாகனத்தைக் கொண்டு வருகிறேன். நீங்கள் முன்னால் நின்று கை காட்டுங்கள், விட்டுப் பார்ப்போம். போகாவிட்டாலும் பரவாயில்லை, ஐயாவை ஒழுங்கை முகப்பு வரை கூட்டி வாருங்கள். முன் இருக்கையில் இருத்தி ஊர்காவற்றுறை வரை ஒரு சுற்றுப் போய் வருவோம்.