150 அடி எங்கிருந்து? தெருக்கோடித் தோப்பில் மான் வேட்டை

மல்லிகைப்பந்தல்: நியூ ஜெர்சியில் வீடுகளுக்கு நடுவே உள்ள சின்னத் தோப்பில் வில்லால் மான் வேட்டையாடுவது "துளியும் ஆபத்தில்லாதது" என்று பரண்வாசி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. வீடுகளிலிருந்து 150 அடியாவது தள்ளித்தான் எய்ய வேண்டும் என்பது சட்டம். மரத்தில் அவர் கட்டியிருக்கும் வேட்டைப் பரண் என் வேலியிலிருந்து 150 அடிகூட இல்லை.

பரண்வாசி: வேலியிலிருந்து யார் அளக்கச் சொன்னார்கள்? 150 அடி என்பது கட்டடத்திலிருந்து. 2010 வரை வில்லுக்கும் 450 அடி இருந்தது. அந்த ஆண்டு குறைத்தார்கள். துப்பாக்கிக்கு இன்றும் 450தான். வில்லென்றால் 150க்கும் 450க்கும் இடைப்பட்ட தூரத்தில் உயரத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். குறி தவறினாலும் அம்பு மண்ணில்தான் குத்தும்.

மல்லிகைப்பந்தல்: என் பிள்ளைகள் கட்டடத்துக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டுமா? ஊஞ்சல் வேலியோரம் இருக்கிறது.

பரண்வாசி: ஊஞ்சல் கட்டடம் அல்ல, அம்மா.

மல்லிகைப்பந்தல்: பள்ளி விளையாட்டுத் திடல் என்றால் 450 அடி. அதே பிள்ளை என் புழக்கடையில் விளையாடினால் மட்டும் தோல் தடித்துவிடுமா?

பரண்வாசி: சட்டத்தை நான் எழுதவில்லை. கட்டடத்திலிருந்து 150. மூன்றாவது முறையாகச் சொல்ல வைக்காதீர்கள்.

ஹோஸ்டாப்பிரியன்: உண்ணி கடித்து எனக்கு லைம் நோய் வந்து முழங்கால் வீங்கிப் படுத்திருந்தேன். மான் குறைந்தால் உண்ணி குறையும். அண்ணன் எய்யட்டும்.

கிண்டிக்காரன்: உண்ணிக்கு அந்தக் கிருமியைக் கொடுப்பது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி. மான் உண்ணிகளுக்குப் பந்தி போடுகிறது, அவ்வளவுதான். எலிக்கும் பரண் கட்டுவீர்களா? நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் 2016இல் ஆண் மான்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கினார்கள்.

பரண்வாசி: அது தீவு. அங்கே மான் வந்ததே நம் ஜெர்சிக் கரையிலிருந்து நீந்திப் போய்த்தான் என்கிறார்கள். வேலி தாண்டி வருகிற மானுக்கெல்லாம் அறுவை செய்ய நகராட்சியில் பணம் காய்த்துத் தொங்குகிறதா?

மல்லிகைப்பந்தல்: பேச்சை மாற்றாதீர்கள். சென்ற நவம்பரில் உங்கள் அம்பு தைத்த பெட்டை மான் என் ஹைட்ரேஞ்சாப் புதருக்குள் வந்து விழுந்தது. படிக்கட்டு வரை இலையெல்லாம் நுரைத்த இரத்தம். நீங்கள் வந்து கதவைத் தட்டி, "எடுத்துக்கொள்ளலாமா?" என்று பால் கணக்குக் கேட்பவரைப் போல நின்றீர்கள்.

பரண்வாசி: அனுமதி கேட்காமல் உள்ளே வருவதுதான் குற்றம். நுரை இருந்தால் அம்பு நுரையீரலில் பட்டிருக்கிறது, சுத்தமான எய்தல். அதற்குப் பாராட்ட வேண்டாம், பழிக்காமலாவது இருங்கள்.

கிண்டிக்காரன்: இதில் பெருமை வேறு! கொம்பைச் சுவரில் மாட்டத்தானே இத்தனையும்?

பரண்வாசி: பல வேட்டை மண்டலங்களில் கொம்பில்லாத மானை முதலில் வீழ்த்தினால்தான் கொம்புள்ளதற்கு அனுமதி. தெரியாததைப் பேசுவது உங்களுக்குப் பழக்கம். பொங்கல் விழாக் கணக்கு கேட்டபோதும் இப்படித்தான் குதித்தீர்கள்.

கிண்டிக்காரன்: அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை, பொருளாளர் அவர்களே.

ஹோஸ்டாப்பிரியன்: மான் கறி யாருக்காவது மிச்சம் இருக்கிறதா?

மல்லிகைப்பந்தல்: ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவுடன் வருகிறேன். வேலியிலிருந்து அளப்பேன்.

பரண்வாசி: தாராளமாக வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டுக்காரரிடம் அந்த இலை ஊதும் இயந்திரத்தைக் காலை ஏழு மணிக்கு முடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.

மல்லிகைப்பந்தல்: மான் ஓடிவிடுகிறதோ? இனி ஆறரைக்கே முடுக்கச் சொல்கிறேன்.