குடைத்துணிக்குள் தெரிந்த தலைகீழ்ச் சாலகம்

வாவிக்கரை:
வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மூன்றாம் வருடம் திண்மநிலைப் பௌதிகவியல் படித்தபோது என்னைத் திணறடித்தது ரெசிப்ரோக்கல் லாட்டிஸ்தான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் போனவள் நான். சாலகம் தெரியும், பளிங்கில் அணுக்கள் ஒழுங்காக நிற்கும் புள்ளி அடுக்குத்தான் அது. அதில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டியான அலகுக்கலமும் வரைவேன். அதற்குத் தலைகீழாக இன்னொரு சாலகம் இருக்கிறது என்றதும் ஒன்றும் பிடிபடவில்லை. காவி (வெக்டர்) சூத்திரங்களைப் பாடமாக்கி எழுதினேன், புள்ளியும் வந்தது. அது எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

மார்கழி மழை. கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸால் இறங்கிக் கறுப்புக் குடையை விரித்தேன். காற்றுக்கு அதை முகத்தருகே சாய்த்தபோது துணியினூடாகத் தூரத்து வீதிவிளக்கு தெரிந்தது. நடுவில் விளக்கு, நாலு பக்கமும் சிலுவை போல வரிசையாகப் புள்ளிகள். குடையைச் சுழற்றினேன், சிலுவையும் கூடவே சுழன்றது. அப்போ இது விளக்கின் வேலை இல்லை, நெசவின் வேலை!

வீட்டுக்குப் போய்த் தங்கச்சியை வளவின் அடுத்த தொங்கலில் டோர்ச்சோடு நிறுத்தினேன். நெருக்கமாக நெய்த துணியில் புள்ளிகள் விலகி நின்றன. ஐதான துணியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நூல் நெருங்கினால் புள்ளி விலகும், நூல் விலகினால் புள்ளி நெருங்கும். நான் பாடமாக்கிய தலைகீழ்ச் சாலகம் இதுதான்! அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

விரிவுரையாளரிடம் சொன்னேன். "துணியைச் சாய்த்துப் பிடித்தால் என்ன நடக்கும்? முதலில் சொல்லுங்கள், பிறகு பாருங்கள்" என்றார். சாய்த்தால் அந்தத் திசையில் நூல்கள் நெருங்கித் தெரியும், ஆகவே புள்ளிகள் விலக வேண்டும் என்றேன். பார்த்தோம், விலகின. அவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோசம்.

கணக்கும் சுகம்தான். நூலுக்கு நூல் 0.2 மில்லிமீற்றர் என்று வைத்தால், பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மில்லிமீற்றரை அதனால் பிரிக்க 0.00275 ஆரையன் வரும். 100 மீற்றர் தள்ளி நிற்கும் விளக்கில் புள்ளிகள் சுமார் 27.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் தெரியும். கறியுப்பின் அலகுக்கலமோ 5.64 அங்ஸ்ட்ரோம் (ஒரு அங்ஸ்ட்ரோம் மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு), ஒளியின் அலைநீளம் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அதனால்தான் அலைநீளம் மிகக் குறைந்த எக்ஸ் கதிர் வேண்டியிருக்கிறது. 1912இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் லவேயின் யோசனைப்படி பிரீட்ரிக்கும் நிப்பிங்கும் எக்ஸ் கதிரைச் செலுத்தியது, பள்ளி ஆய்வுகூடத்தில் நாம் பார்த்த அதே நீலச் செப்பு சல்பேற்றுப் பளிங்கினூடாக.

தறிவீடு:
அக்கா, எனக்கு ஊர் மருதமுனை, படிப்பது சம்மாந்துறை வளாகத்தில். இதை வாசித்த அன்றே சாரத்துணியை எடுத்துப் பார்த்தேன். என் புள்ளிகள் சதுரமாக இல்லை, நீள்சதுரமாக நின்றன. கிடையாக அகலமாக விலகியிருந்தன, நெடுக்காக நெருங்கியிருந்தன. வாப்பா தறி நெய்பவர். அவரிடம் ஒன்றும் விளக்காமல், இதில் பாவு (நெடுக்கு நூல்) நெருக்கமா ஊடை (குறுக்கு நூல்) நெருக்கமா என்று மட்டும் கேட்டேன். துணியை விரலால் தடவிவிட்டு, பாவு என்றார். நான் துணியைப் பிடித்திருந்தபோது பாவுநூல் மேலிருந்து கீழாக ஓடியது. அதனால்தான் கிடைத்திசையில் அவ்வளவு விலகல்.

ஆனால் ஒரு சந்தேகம். துணியை எப்படிப் பிடித்தாலும் புள்ளி வருகிறதே, பளிங்கை மட்டும் ஏன் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள்?

வாவிக்கரை:
தம்பி, துணிக்கு இரண்டு திசைதான், பளிங்குக்கு மூன்று. மூன்றாவது திசையில் அடுக்கடுக்காக இருக்கும் தளங்களிலிருந்து வரும் அலைகளும் ஒத்துப்போக வேண்டும். அதுதான் பிராக்கின் நிபந்தனை. ஒரே அலைநீளத்தை வைத்துக்கொண்டால் எல்லாக் கோணத்திலும் அது நிறைவேறாது. தூளாக அரைத்து வைத்தால் எப்படியும் சில மணிகள் சரியான கோணத்தில் கிடக்கும். உப்புத்தூளில் 2.82 அங்ஸ்ட்ரோம் இடைவெளித் தளங்களை எடுத்து, செப்பிலிருந்து வரும் 1.54 அங்ஸ்ட்ரோம் எக்ஸ் கதிருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர் திரும்பும் மொத்தக் கோணம் 31.7 பாகைக்கு வர வேண்டும். வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.